நெய்தல் மணலில் ஓட்டம்: அலவன் ஆட்டலும் தேர்ப்பரியும்

ஆய்வுச் சுருக்கம்

நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல் என்பதால், அத்திணைப் பாடல்களில் இடம்பெறும் கடற்கரை விளையாட்டுகள் துயரத்தின் பின்புலமாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வந்துள்ளன. ஈரமணலில் நண்டை விரட்டி ஓடும் மகளிரின் ஓட்டத்தையும், அதே மணலில் விரையும் தலைவனின் தேரோட்டத்தையும் இக்கட்டுரை அருகருகே வைத்து நோக்குகிறது. ஓட்டத்தின் இன்பம் எந்தச் சொற்களால், யார் கூற்றில், பாடலின் எவ்விடத்தில் பதிவாகிறது என்பது ஆராயப்படுகிறது. தலைவன் கூற்றில் தலைவியின் ஓட்டம் முடிந்த பின்னரே அவள் காட்சிக்கு வருகிறாள் என்பதும், மகளிர் கூற்றில் அவ்வோட்டம் நிகழ்ந்துகொண்டே இருக்கிறது என்பதும், மணலில் ஓடும் உரிமை தேருக்கு நிலைத்து மகளிர்க்குப் பறிக்கப்படும் இடத்திலேயே இரங்கல் தொடங்குகிறது என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: நெய்தல், அலவன் ஆட்டல், ஓரை, பரி, தேர், இற்செறிப்பு, மணல்

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகைக்குரிய நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைக் கூறுகிறது. செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றுக்கு இணையான இடம் அதற்கு அளிக்கப்பட்டுள்ளது. எனினும் சங்க அகப்பாடல்களைப் பற்றிய திறனாய்வில் புணர்வு பெற்ற கவனத்தில் சிறுபகுதியைக்கூட விளையாட்டு பெறவில்லை. நெய்தலைப் பொறுத்தவரை இக்குறைபாடு இன்னும் மிகுதி. இரங்கல் என்னும் ஒரு சொல் அத்திணையின் மேல் போர்வைபோல் விழுந்துகிடக்கிறது. பாடலில் பெண்கள் சிரித்துக்கொண்டு ஓடினாலும், அவர்களுடைய சிரிப்பைப் பின்னால் வரப்போகும் அழுகையின் முன்னறிவிப்பாகக் கொள்ளும் வழக்கம் வகுப்பறைகளிலும் உரைகளிலும் ஊன்றியுள்ளது.

இவ்விளையாட்டுகளுள் மிகுதியும் பேசப்படுவது அலவன் ஆட்டல். உரைகள் பெரும்பாலும் நண்டை அலைத்தல், பிடித்து விளையாடுதல் என்ற அளவில் பொருள் கூறி நகர்ந்துவிடுகின்றன. கடற்கரையில் நண்டை விரட்டிய எவரும் இப்பொருளின் போதாமையை உணர்வர். மணலில் வளை தோண்டி வாழும் நண்டு பக்கவாட்டில் ஓடும். ஓடும்போதே திசை மாற்றும். வளை அருகில் இருந்தால் வளைக்கும், இல்லையேல் அலைக்கும் விரையும். அதை ஆட்ட விரும்புபவர் ஓடித்தான் ஆக வேண்டும். ஆகவே அலவன் ஆட்டல் என்பது முதன்மையாக ஓர் ஓட்டம். நண்டு வளைக்குள் புகுமுன், அல்லது அலை வந்து அதனை அள்ளுமுன், எட்டிவிட வேண்டிய பந்தயம்.

இது பேதைமைப் பருவத்துச் சிறுமியர்க்கே உரியது என்பதும் சரியன்று. பட்டினப்பாலை, முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாது ஓய்ந்திருக்கும் புகார்ப் பரதவர் கடலாடுவதையும் புனல் படிவதையும் கூறும் பகுதியிலேயே, அவர்கள் அலவன் ஆட்டுவதையும் வலிய அலையில் திளைப்பதையும் கூறுகிறது. தொழில் அறியாத பருவத்தின் விளையாட்டாக உருத்திரங்கண்ணனார் இதனைக் காட்டவில்லை. தொழில் நின்ற நாளின் விளையாட்டாகக் காட்டுகிறார்.

மணலின் வகையும் காலின் அறிவும்

கடற்கரை மணல் ஓடுபவருக்கு ஒரே தன்மையதாக இருப்பதில்லை. மேட்டில் உலர்ந்து கிடக்கும் மணல் காலை வாங்கும். ஒவ்வோர் அடியிலும் உந்துவிசையின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அலை தொட்டு விலகிய மணலில் துகள்களுக்கிடையே தங்கும் சிறிதளவு நீர் அவற்றைப் பிணைத்து இறுக்குவதால் அங்கே கால் நிற்கும். நீர் முழுதும் நிரம்பிய விளிம்பில் மீண்டும் குழையும். எனவே கடற்கரையில் விரைந்து ஓடத்தக்க இடம் ஓர் ஒடுங்கிய பட்டை மட்டுமே. அலைக்கு அலை அது இடம் மாறும்.

பாடல்கள் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கின்றன. அம்மூவனார் அகநானூற்றில் (280) தலைவி அலவன் ஆட்டிய இடத்தைத் திணிமணல் அடைகரை என்கிறார். திணிந்த, இறுகிய மணல் அது. அவரே குறுந்தொகையில் (351) நண்டின் கூர்நகம் கோடிழுப்பதாகக் கூறும் இடம் ஈரமணல். அந்தக் கோடுகளை அலை வந்து அழிக்கிறது. உலோச்சனார் அகநானூற்றில் (20) குரவை ஆடும் இடமாகக் காட்டுவது கீழ்க்காற்று கொண்டுவந்து குவித்த மணல்மேடு. குரவைக்கு விரைவு வேண்டியதில்லை, வட்டமாகச் சுழல இடம் இருந்தால் போதும். அகநானூறு 160இல் நிறைசூல் ஆமை முட்டையிட்டுப் புதைப்பது குவிந்த வெண்மணலில். ஓடுவதற்கு இறுகிய மணல், ஆடுவதற்கு மேட்டு மணல், முட்டை பொதிவதற்கு உலர்ந்த குவியல் என இடங்கள் பிரிகின்றன. மணலுக்கு முன்வரும் அடைமொழிகளைச் செய்யுள் நிரப்பும் சொற்களாகக் கருதுவோர் இப்பாடல்களை ஒருமுறை சேர்த்துப் படிப்பது நன்று.

அகம் 280இல் வேறொரு குறிப்பும் உண்டு. செருந்தி மலர் சூடிய அப்பெண் நண்டை ஆட்டிக் களைத்து அமர்ந்திருக்கிறாள். களைப்பு என்பது ஓட்டத்தின் சான்று. உலர்மணலில் ஓடுவதற்கு உறுதியான தரையில் ஓடுவதைக் காட்டிலும் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என 1998இல் வெளிவந்த உடலியங்கியல் ஆய்வொன்று அளந்து கூறியது. நடப்பதற்கான செலவோ இருமடங்கிற்கும் மேல். திணிமணலில் இச்செலவு குறையும். ஆயினும் நண்டு நேர்கோட்டில் ஓடித் தருவதில்லை. இறுகிய பட்டையை விட்டு மேட்டுக்கும் நீருக்குமாக அது இழுக்கிறது. அப்பெண்ணின் களைப்பை மென்மைக்கு அடையாளமாக்கும் வாசிப்பு இந்த உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

யாருடைய பரி

ஓட்டத்தைக் குறிக்கும் சொற்களில் ஒரு வியப்பான பங்கீடு காணப்படுகிறது. தும்பிசேர்கீரனாரின் குறுந்தொகைப் பாடலில் (316) ஓரை மகளிர் ஒன்றுகூடி ஆட்ட, தளர்ந்த நண்டு துன்புற்று விரைந்தோடுகிறது. உயர்ந்து வரும் அலை அத்துன்பத்தைக் களைகிறது. நண்டின் அவ்விரைவுக்குப் புலவர் இடும் சொல் ‘துனைபரி’. குறுந்தொகையின் இறுதிப் பாடலிலும் (401) ஓரை மகளிர்க்கு அஞ்சிய ஈர நண்டு கடலுக்குள் ஓடுவதைப் ‘பரிக்கும்’ என்னும் சொல்லாலேயே அம்மூவனார் கூறுகிறார். இதே பரி அகம் 20இலும் 160இலும் தேர்க்குதிரையின் ஓட்டத்துக்கு ஆகிறது. நண்டுக்குப் பரி உண்டு, குதிரைக்குப் பரி உண்டு. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பாடல்களில் பெண்களின் ஓட்டத்துக்கு அச்சொல் வழங்கப்படவில்லை. அவர்கள் ஆடுகிறார்கள், ஆட்டுகிறார்கள்.

இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆட்டு என்பது ஆடு என்பதன் பிறவினை. தான் ஆடாமல் நண்டை ஆட்ட முடியாது. நண்டின் பரியைக் கண்டால் அதன் பின்னே வரும் கால்களின் விரைவு தானாகத் தெரியும். மகளிரின் ஓட்டத்தை நேரே வருணிக்காமல், ஓடவைக்கப்பட்ட உயிரின் விரைவால் அதை அளந்து காட்டும் முறை இது. ஆனால் இம்முறைக்கு ஒரு விலை உண்டு. வாசகர் நண்டைக் காண்கிறார். அதை விரட்டும் பெண்ணை மறந்துவிடுகிறார். (ஓரை என்னும் சொல்லும் இவ்வாறே மறைந்தது. தொல்காப்பியக் களவியலில் நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் காலப்பொருள் ஓரை பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, விளையாட்டுப் பொருளில் வரும் ஓரை பற்றி எழுதப்படவில்லை.)

இலக்கண அமைப்பும் இம்மறதிக்குத் துணைசெய்கிறது. குறுந்தொகை 316, 401 இரண்டிலும் நண்டு விரட்டும் காட்சி துறைவன் என்னும் பெயரைத் தழுவும் அடைத்தொடருக்குள் அமைந்துள்ளது. அதாவது மகளிர் ஓடும் மணல், ‘அவனுடைய துறை’ எத்தகையது என்பதைச் சொல்லும் விளக்கமாக வருகிறது. தொடரின் முடிபோ வேறோர் இடத்தில் உள்ளது: 316இல் அவனுடைய சொல் வேறாகிவிட்டது, 401இல் அவனோடு ஒருநாள் சிரித்து விளையாடுவதும் விலக்கப்பட்டுவிட்டது. முடிபை நோக்கி விரையும் வாசிப்பு இடையில் உள்ள ஓட்டத்தை உள்ளுறை என்று பெயரிட்டுக் கடந்துசெல்கிறது.

316இல் உள்ளுறை இருப்பதை மறுக்க இயலாது. விரட்டப்பட்டுத் தளர்ந்த நண்டைப் போலத் தலைவியும் அலமருகிறாள். நண்டின் துயரை அலை களைவதுபோல் அவள் துயரைக் களைய வேண்டியவன் சொல் தவறினான் என்பது எளிதிற் புலப்படும். ஆனால் இவ்வுள்ளுறை எங்கிருந்து தன் வலிமையைப் பெறுகிறது? பேசுபவள் தலைவி. நேற்றுவரை நண்டை விரட்டிய கூட்டத்தில் ஒருத்தி அவள். விரட்டியவள் விரட்டப்பட்டதன் இடத்தில் தன்னைக் காண்கிறாள். ஓடுவதன் இன்பத்தை உடலால் அறிந்தவளுக்கே, துரத்தப்படும் உயிரின் ஓட்டம் எத்தகையது என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரியவரும். ஓட்டத்தைக் கழித்துவிட்டு உள்ளுறையை மட்டும் எடுத்துக்கொண்டால், எஞ்சுவது பாடவேறுபாடில்லாத ஒரு பொதுத் துயரம்.

கூற்றும் ஓட்டமும்

இனி யார் பேசுகிறார் என்பதைக் காணவேண்டும். முன்னர்ச் சுட்டிய அகம் 280 தலைவன் கூற்று. அதில் பெண் ஆட்டி முடித்துக் களைத்து அமர்ந்திருக்கிறாள். ஐங்குறுநூறு 197உம் தலைவன் கூற்றே. வளையல் ஒலிக்க அலவன் ஆட்டியவள், அவன் பார்க்கும் கணத்தில் கூந்தலால் முகம் மறைத்துத் தலைகுனிந்து நிற்கிறாள். வளையலின் ஒலி மட்டும் ஓட்டத்தின் எச்சமாகக் காதில் இருக்கிறது. அவன் வந்ததும் ஓட்டம் நின்றுவிட்டது; அல்லது நின்ற பிறகே அவள் அவனுடைய பாடலுக்குள் வருகிறாள். அமர்ந்த உடலும் நாணிய உடலும் ஆசைக்குரிய உருவங்களாகின்றன; ஓடும் உடல் அவ்வாறு ஆவதில்லை.

மகளிர் பேசும்போது காட்சி மாறுகிறது. ஐங்குறுநூற்றில் கிழவற்கு உரைத்த பத்து, தலைவனோடு தொடர்புடைய ஒருத்தியைக் கண்டதாகப் பெண் ஒருத்தி கூறுவது. அப்பத்தின் 123ஆம் பாடலில், தோழியர் கூட்டம் ஆரவாரிக்க அவள் பெருங்கடல் அலையில் பாய்கிறாள். அடுத்த பாடலில், தன் மணற்பாவையை அலை கொண்டுபோனதால் நுண்மணலை அள்ளி வீசிக் கடலையே தூர்க்க முயல்கிறாள். கேலியும் பொறாமையும் கலந்த குரல்தான். ஆயினும் அக்குரல் அவளை அசைவில் காண்கிறது. கூட்டத்தின் ஆரவாரத்தையும் சேர்த்துக் கேட்கிறது. போட்டிக்கு வேண்டிய பார்வையாளர் அங்கே உள்ளனர்.

இது விதியன்று, போக்கு மட்டுமே. அதே பத்தின் 125ஆம் பாடலில் அவள் கண்சிவக்க அழுது நிற்கிறாள். குறுந்தொகை 303இல் அம்மூவனாரின் தோழி, புன்னையின் புள்ளி நிழலில் தன்னோடு பொன்வரி நண்டை ஆட்டிய அப்பொழுதே தலைவி பசந்துவிட்டாள் என்கிறாள். மகளிர் கூற்றாயினும் அங்கே விளையாட்டு துயரை மறைக்கவில்லை. ஆனால் இப்பாடலின் வாதம் நிற்பதே விளையாட்டின் மேல்தான். நண்டு விரட்டும் வேளையில்கூடப் பசந்தாள் என்றால் அவள் காதல் எத்தகையது என்று தலைவன் உணரவேண்டும். நண்டு விரட்டுவது எந்தத் துயரையும் மறக்கச் செய்யும் இன்பம் என்பது பேசுபவளும் கேட்பவனும் ஒப்புக்கொண்ட உண்மையாக இருந்தால்தான் இவ்வாதம் செல்லும்.

ஒரே மணலில் இரண்டு ஓட்டங்கள்

உலோச்சனாரின் அகம் 20 இவ்வகையில் மையமான பாடல். தோழி தலைவியிடம் பேசுகிறாள். தலைவன் மறைவில் நின்று கேட்கிறான். பாடலின் ஏறத்தாழப் பாதி விளையாட்டுகளின் தொடர். தந்தை கொண்டுவந்த கொழுமீன் உலர்கிறது; அதைக் கவரவரும் பறவைகளை விரட்டுகிறார்கள். பிறகு மணல்மேட்டுப் புன்னை நிழலில் இளைப்பாறல், செந்நண்டின் ஆழ்ந்த வளையைத் தோண்டல், ஞாழல் கிளையில் தாழை விழுதைக் கட்டி ஊசலாடல், குரவை ஆடிச் சலித்தபின் வெண்தலை அலையில் கூட்டத்தோடு ஆடல், தழை தொடுத்து அணிதல். வினையெச்சத்தின் மேல் வினையெச்சமாகத் தொடர் நிற்காமல் செல்கிறது. ஓடினோம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. முற்றுப்பெறாத வினைகளின் அடுக்கே ஓட்டமாகிறது. ‘நாம்’ என்னும் பன்மையும் கவனிக்கத்தக்கது. தொடக்கம் தொழிலில் இருப்பதும் அத்தகையதே. மீன் காக்கும் வேலையில் பறவைகளின் பின் எழுந்த கால்கள் மாலைவரை அமரவில்லை. பரதவ மகளிர் வாழ்வில் வேலைக்கும் விளையாட்டுக்கும் இடையில் வேலி இல்லை என்பதை உலோச்சனார் விளக்காமலே காட்டிவிடுகிறார்.

இந்தத் தொடர் ஓரிடத்தில் அறுபடுகிறது. ஊர்ப்பெண்டிர் சொல் கேட்டு அன்னை காவல் வைத்துவிட்டாள். காரணம் பாடலின் இறுதியில் வருகிறது: பகல் இரவு என்று பாராமல், தேர்ப்பாகன் தேர்ந்தெடுத்த குதிரை பூட்டிய ஒரு தேர், நிலவு போன்ற மணலில் சுற்றித் திரிகிறது. ஓடியவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஓடும் தேர் மணலில் இருக்கிறது. அதே மணல், அதே துறை. அலர் எழுந்ததற்குத் தேர் காரணம், தண்டனை கால்களுக்கு. தோழி இதனை முறையீடாகச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே பாடலின் இரு முனைகளில் வைத்துவிட்டு நிறுத்துகிறாள். மறைவில் நிற்பவன் கேட்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

திணைக் கோட்பாட்டைச் சமச்சீரற்ற சமூக வளர்ச்சியோடு தொடர்புபடுத்திய கா. சிவத்தம்பியின் நோக்கு இங்கு உதவும். தேர் என்பது குதிரையும் பாகனும் உடையவனின் ஊர்தி. நெய்தலின் உப்பும் மீனும் அதனை ஈட்டித் தருபவை அல்ல. அது வேறொரு பொருளாதாரத்திலிருந்து மணலுக்குள் வருகிறது. வரும்போது தடம் பதிக்கிறது. ஐங்குறுநூற்று நெய்தலின் முதற்பாடலில் (101) அடும்பின் கொடி அறுபட, நெய்தல் மலர் மயங்கத் தேர் வருகிறது. ஓதஞானியாரின் குறுந்தொகைப் பாடலில் (227) தேர் போய்விட்டது. வாள்போன்ற சக்கர விளிம்பு துண்டித்த நெய்தல் மலர்கள் மட்டும் கானலில் கிடக்கின்றன. 101இல் தேர் நோய்க்கு மருந்தாக வரவேற்கப்படுகிறது என்பதையும் மறக்கலாகாது. கொடி அறுவதைக் கண்டே தோழி அதன் விரைவை மகிழ்ந்து சுட்டுகிறாள். தேரோட்டத்தை ஆண்மையின் வன்முறை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் அண்மைக்கால வாசிப்புகள் இந்த மகிழ்ச்சியின் முன் தடுமாறும். விரைவு இருபாலார்க்கும் இன்பமே. அவ்வின்பத்தின் விலையை யார் கொடுக்கிறார் என்பதே பாடல்கள் வேறுபடும் இடம்.

இவ்விலையை அறிந்த தேரும் உண்டு. நற்றிணை 11இல் உலோச்சனார் காட்டும் பாகன், அலை மோதிய கரையில் சக்கரத்தின் அருகே ஓடும் நண்டுகள் நசுங்காமல் காத்து, கடிவாளவாரைத் தேர்ந்து பிடித்துச் செலுத்துகிறான். முல்லையில் வண்டுகளின் இசை கலையாதபடி தேர்மணியின் நாவைக் கட்டிவரும் தலைவனைக் (அகம் 4) கொண்டாடிய அளவுக்குத் திறனாய்வு இந்தப் பாகனைக் கொண்டாடவில்லை. அவனுடைய செயல் கடினமானது. வண்டு பூவில் இருக்கிறது, நண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும் சக்கரத்தால் ஓடும் நண்டை விலக்க வேண்டும் என்றால் பார்வையும் கையும் ஒருசேர விரைய வேண்டும். பகலில் மகளிர் விரட்டிய அதே நண்டுகள் இரவில் தேரின் முன் ஓடுகின்றன. மகளிர் அவற்றைக் கொல்வதில்லை, தேரும் கொல்லாமல் வருகிறது. அவன் மகளிரின் விளையாட்டு முறையைக் கற்றுக்கொண்டு மணலுக்குள் வருவதாக இதனைக் கொள்ளலாம்.

அகம் 160இல் தேரின் ஓட்டம் வேறொரு திருப்பம் பெறுகிறது. இரவில் வந்த தேர் தண்கழியை நீந்தி வந்தது. தாற்றுக்கோல் பட்டால் விரைவு மிகும் என்று அஞ்சி வாராலேயே குறிப்புக் காட்டி ஓட்டப்பட்ட குதிரை அது. அடக்கிய விரைவு களவுக்கு உரியது. இப்போதோ அதே தேர் ஊரார் காணப் பகலில், இளையர் ஆரவாரத்தோடு, பாய்ந்த பரியில் வருகிறது. வெளிப்பட்ட விரைவு வரைவுக்கு உரியதாகிறது. குமிழி ஞாழலார் நப்பசலையாரின் இப்பாடலில் ஆரவாரம் தேரின் பக்கம் போய்விட்டதைக் காண்க. ஐங்குறுநூறு 123இல் கடலில் பாய்ந்தவளுக்காக ஆர்த்தது பெண்களின் கூட்டம்.

வரைவு நிகழ்ந்தபின் மணலுக்கு என்ன ஆகிறது? தொல்காப்பியக் கற்பியல், தலைவனும் தலைவியும் ஊர் எல்லை கடந்து ஆறும் குளமும் சோலையும் ஆடி இன்புறுதல் உரியது என அனுமதிக்கிறது. பட்டியலில் கடற்கரை இல்லை. இது தற்செயலாக இருக்கலாம். நூற்பா எல்லாவற்றையும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்பதுமில்லை. ஆயினும் ஓரை மகளிர் தோழியரோடு ஓடிய மணல் எங்கும் அவர்களுக்குத் திருப்பித் தரப்பட்டதாகத் தெரியவில்லை. குறுந்தொகை 401இன் தலைவி வியப்பதும் இதனையே. உடல் தோய்ந்த நட்பு, சிரித்து விளையாடும் ஒருநாளையும் இல்லாமல் ஆக்கிவிட்டது எனில் அது என்ன நட்பு என்கிறாள். பிரிவை நினைந்து எழுந்த வருத்தமாக மட்டும் இதனைச் சுருக்க முடியாது. நெய்தலுக்கு வெளியே, பிரான் சாத்தனாரின் குறிஞ்சிப் பாடலில் (நற்றிணை 68) இதே முறையீடு அறத்தின் மொழியில் வெளிப்படுகிறது: ஆயத்தோடு ஓரை ஆடாது இளையோர் வீட்டினுள் அடைந்திருப்பது அறமும் ஆகாது, ஆக்கமும் தேயும் என்று அன்னையிடம் சொல்வார் இல்லையே என்பது அங்குள்ள ஏக்கம். விளையாட்டு மறுக்கப்படுவதை அறப்பிழையாகக் கூறத் துணிந்த குரல் அது. நெய்தல் மகளிர் அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. நண்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.

உடைந்த சிலம்பு

நற்றிணை 363 உலோச்சனாரின் மற்றொரு பாடல். தலைவன் தன் ஊருக்குப் புறப்படுகிறான். தோழி அவனைத் தடுக்கவில்லை, விரைந்து திரும்பச் சொல்லவும் இல்லை. ஒரு பொருள் கேட்கிறாள். உடைந்த அணியைப் பொருத்தும் கைத்தளராக் கம்மியனுக்கு உதவும் துறைமணலை அவன் கொண்டுவர வேண்டும். நேற்று மாலை உன்னோடு இருந்தபோது, பசுந்தழை சிதைய, மாலை வாட, வளை நெகிழ, இவள் நண்டை ஆட்டி ஓடினாள். சிலம்பு விரிந்து உடைந்துவிட்டது என்று காரணம் சொல்கிறாள்.

தழை சிதைந்ததற்கும் மாலை வாடியதற்கும் வேறு காரணம் உண்டு என்பதைத் தோழியும் அறிவாள், தலைவனும் அறிவான். புணர்ச்சிக் குறிப்பாகவே இவற்றைக் கொள்வது இயல்பு. எனினும் சாக்காகச் சொல்லப்படும் காரணம் நம்பத்தக்கதாக இருந்தாக வேண்டும். தாய் கேட்டால் ‘நண்டின் பின் ஓடியதில் சிலம்பு உடைந்தது’ என்று சொல்லலாம், தாய் நம்புவாள். நெய்தல் நிலத்துப் பெண்கள் அவ்வளவு விரைந்து, அவ்வளவு நேரம், அணிகலன் நெளியும்படி ஓடினார்கள் என்பது அங்கே யாவரும் அறிந்தது. களவு ஒளிந்துகொள்ள இடம் தருவது ஓட்டத்தின் இந்த இயல்புத்தன்மையே. குடவாயிற் கீரத்தனாரின் நற்றிணை 27இலும் கானலில் ஆடியதன்றி மறைத்துச் செய்தது ஒன்றுமில்லை என்றே சொல்லப்படுகிறது. அங்கே அன்னையின் ஐயம் அச்சாக்கைத் துளைக்கத் தொடங்கிவிட்டது.

சிலம்பு திருமணத்திற்கு முன் சடங்கோடு கழற்றப்படுவது. சிலம்பு கழித்தலை ஐங்குறுநூறு (399) குறிப்பிடுகிறது; எவர் மனையில் அது நிகழ்வது என்பதே அங்குத் தாயின் கவலை. நற்றிணைத் தலைவியின் சிலம்போ அந்நாள்வரை காத்திருக்கவில்லை. மணலில் ஓடும்போதே தானாக விரிந்துவிட்டது. அதைப் பொருத்த மணல் வேண்டும் என்று தோழி கேட்பது அவன் துறையின் மணலை. தலைவி ஓடிய கரையிலும் மணலுக்குக் குறைவில்லை.